சோறா கேக்குது?

இசட் பட்டியலை எடுத்துக்கொண்டு ‘இருக்கட்டும்’ சாரின் மேசை வரைக்கும் போக வேண்டியதில்லை. கதவருகே நம் கையில் காகிதத்தைப் பார்த்ததுமே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அது இருக்கட்டும் தம்பி” என்பார். எது என்று கேட்க மாட்டார்.

எஸ்ஏபி என்கிற ஜெர்மன் மென்பொருளில் கம்பெனி தனக்கென்று எழுதிக்கொள்கிற புரோகிராம்களின் பெயர் இசட்டிலோ ஒய்யிலோ தொடங்க வேண்டும். ஒய்யை எங்கள் ஆபீசில் யாரும் சீண்டியதில்லை. இசட்தான் வருஷா வருஷம் குட்டி போட்டது. கோயமுத்தூரில் பம்ப் செட் செய்கிற ஒரு கம்பெனிக்கு இத்தனை தனித்தன்மை உண்டு என்று அந்த ஜெர்மன்காரர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் இன்னும் நாலு எழுத்து ஒதுக்கியிருப்பார்கள்.

ஃபாரம் ஜேஜே அடிக்கிற புரோகிராமை எடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு வாட் காலத்தில் லாரியோடு போன காகிதம் அது. 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்ததோடு அதற்கு வேலை போயிற்று. இப்போது லாரியோடு போவது இ-வே பில்.

“பழைய அசெஸ்மென்ட்டுக்குக் கேட்டாங்கன்னா?”

“ஸ்கேன் காப்பி இருக்குதுங்க சார்.”

“ஸ்கேன் காப்பி அழிஞ்சு போச்சுன்னா?”

“டேட்டா அப்படியே இருக்குதுங்க. புரோகிராமைத்தான் எடுக்கிறோம்.”

“டேட்டாவ வெச்சுட்டு நாக்கு வழிக்கவா? இருக்கட்டும் விடுங்க தம்பி. அது என்ன சோறா கேக்குது?”

எக்சைஸ் காலத்து ஆர்ஜி-1 ரிப்போர்ட்டுக்கும் இதே பதில்தான். சி ஃபாரம் நிலுவைப் பட்டியலுக்கும் அதேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பெட்டி கேஷ் வவுச்சர். எந்த நோட்டு எத்தனை என்று பதிய அதில் கட்டம் கட்டமாக ஒரு திரை. ஆயிரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஆயிரம் செல்லாமல் போன 2016 நவம்பர் 8 ராத்திரிக்குப் பிறகு அவசர அவசரமாக இரண்டாயிரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி இரண்டாயிரத்தையும் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. இரண்டு கட்டமும் இன்றைக்கும் காலியாக நிற்கின்றன. கேஷியர் அம்மா ஒவ்வொரு வவுச்சருக்கும் டேப் பட்டனை இரண்டு தடவை தட்டி அவற்றைத் தாண்டிப் போகிறார். அவர் விரல் அதற்கே பழகிவிட்டது. எடுத்துவிடலாமா சார் என்றேன். “நாளைக்கே கவர்மென்ட்டு திருப்பிக் கொண்டாந்தா?” என்றார். இந்த நாட்டில் அதற்கு என்ன பதில் சொல்வது?

சோறு கேட்காது என்கிறாரே, அதுதான் பொய். இசட் சோறு கேட்கும், மூன்று வேளையும் கேட்கும். எஸ்ஏபியின் புது வடிவமான எஸ்/4 ஹானாவுக்கு மாறும்போது மெட்டீரியல் நம்பரின் நீளம் பதினெட்டு எழுத்திலிருந்து நாற்பதாகிறது. பதினெட்டுதான் என்று நம்பி எழுதின ஒவ்வொரு இசட்டையும் திறந்து பார்த்தாக வேண்டும். சில பழைய டேபிள்களே புது அமைப்பில் இல்லை. அவற்றிலிருந்து நேராகப் படிக்கிற இசட் எல்லாம் அங்கே போய்த் திருதிருவென்று முழிக்கும். ஹானா டேட்டாவை மெமரியிலேயே வைத்துக்கொள்வது. அதனால் யாரும் திறக்காத இசட் டேபிள்களுக்கும் சேர்த்துத்தான் நாம் இடம் வாங்க வேண்டும்.

இதையெல்லாம் விளக்கினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எதுக்கு அவசரம்? முதல்ல 2025-ன்னான். அப்புறம் 2027-ன்னான். காசு கட்டினா 2030-ங்கறான். இன்னும் தள்ளுவான் பாருங்க” என்பார். பழைய வடிவமான ஈசிசிக்கு எஸ்ஏபி வைத்த பராமரிப்புக் கெடு விஷயத்தில் அவர் சொல்கிற வருஷங்கள் அத்தனையும் சரி. எரிச்சலே அதுதான்.

போன வருஷம் கன்சல்டன்ட் பையன் ஒருவன் ஆறு மாத யூசேஜ் லாகை எடுத்து, யாரும் தொடாத புரோகிராம்களை வரிசையாகச் சிவப்படித்துக் கொண்டுவந்தான். சார் பட்டியலில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். “இது தீபாவளி போனஸ். வருஷத்துல ஒரு நாள்தான் ஓடும். நீ எடுத்த ஆறு மாசத்துல தீபாவளி எங்க இருக்குது கண்ணு?” பையன் வாயடைத்துப் போனான். ஓவர்டைமைச் சேர்ப்பதா விடுவதா, வருஷ நடுவில் சேர்ந்தவருக்கு எப்படி என்று யூனியனோடு பேசி முடித்ததெல்லாம் அந்த இசட்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அது எந்த வருஷத்து ஒப்பந்தம், அன்றைக்கு யார் யார் உட்கார்ந்து பேசினார்கள் என்பதுவரை அவர் சொன்னார். கோடில் ஒரு வரி கமென்ட் கிடையாது. எழுதினவன் இப்போது எந்த ஊரிலோ. கம்பெனியின் ஞாபகம் முழுக்க இந்த ஒரு மனுஷரின் வழுக்கைத் தலைக்குள் இருக்கிறது என்று நினைத்தபோது, அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சாயங்காலமே அந்த எண்ணம் போய்விட்டது. போனஸ் ஒன்றைக் காட்டியே சிவப்பு அடித்த அத்தனையையும் காப்பாற்றிக்கொண்டார். நிதியாண்டின் முதல் இன்வாய்ஸை ராகு காலத்தில் சேவ் பண்ண விடாமல் தடுக்கிற புரோகிராம் உட்பட. பெரிய முதலாளி காலத்தில் கேட்டு வாங்கினது. கிழமைவாரியாக நேரம் போட்டு ஒரு தனி டேபிளே இருக்கிறது. அதில் கை வைக்கும் தைரியம் எனக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எந்த இசட்டை எடுப்பதானாலும் அதைக் கேட்டு வாங்கின துறையின் கையெழுத்து வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் ரிடையர் ஆகிவிட்டார்கள். மீதிப் பேர் வேறு கம்பெனியில் வேறு இசட் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் எல்லாக் காகிதமும் இவரிடமே வருகிறது. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு நாளைக்கு டிஸ்பாட்ச் நின்றுபோனால் இவர் பெயர்தான் சந்தி சிரிக்கும். இருக்கட்டும் என்று சொன்னதற்காக எந்தக் கம்பெனியிலும் யாரும் மெமோ வாங்கியதில்லை. ஆனால் அப்படி இருக்கிற ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அப்கிரேடுக்கும் சனி, ஞாயிறு உட்கார்ந்து டெஸ்ட் பண்ணுவது நாங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படுவதில்லை.

கடைசியில் மேலிடம் நெருக்கியதில் சார் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். எடுக்கலாம், ஆனால் எதை எடுத்தோம், யார் கேட்டது, எதற்குக் கேட்டது, கடைசியாக எப்போது ஓடியது, எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமாம். “அதுக்கு ஒரு சின்ன ரிப்போர்ட் போட்டுக் குடுத்துருங்க தம்பி. ரிமார்க்ஸ் காலம் ரெண்டு வெச்சுருங்க. லெட்டர்ஹெட்ல பிரிண்ட் வரணும்.”

பெயர்கூட வைத்தாயிற்று, இசட்தான். திங்கட்கிழமை தொடங்குகிறோம். ஏழரை மணிக்கு முன்னாலேயே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.