எல்லாம் ஒரே செட்டு!

போன இதழில் என் பல்செட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். பல்லை விட்டுவிட்டார்கள், ‘செட்’டைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் ‘செட்’தான் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். நிஜமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ரொம்ப நாள் அதுதான் நிஜம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் ‘செட்’டுக்கு 430 பொருள். விளக்கிச் சொல்ல அறுபதாயிரம் சொற்கள் பிடித்தன. ஒரு நாவலே எழுதிவிடலாம். கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. அப்புறம் அகராதியைத் திருத்த உட்கார்ந்தபோது ‘ரன்’ ஓடி வந்து முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். அந்த ஒரு சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினாராம். பிரசவக் கணக்குதான். ஆக, டென்னிஸை கிரிக்கெட் ஜெயித்துவிட்டது என்று உங்கள் பேராசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். இன்டர்னல் மார்க் போட்ட பிறகு சொல்லுங்கள்.

ஒரு சொல்லுக்கு எப்படி ஐயா இத்தனை பொருள் வந்து சேர்கிறது? (தமிழாசிரியை, கும்பகோணம்)

உங்களுக்குத் தன்வினை, பிறவினை சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்கு ‘இரு’, ‘இருத்து’ போல அவர்களுக்கு ‘சிட்’, ‘செட்’. தானாக உட்கார்ந்தால் சிட். பிடித்து உட்காரவைத்தால் செட். நமக்கு ‘வீழ்’, ‘வீழ்த்து’ இருப்பதுபோல அவர்களுக்கும் ‘ஃபால்’, ‘ஃபெல்’ உண்டு. ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துவதுதான் அடிப்படை என்றால், மோதிரத்தில் கல்லை இருத்தலாம், எலிக்குப் பொறியை இருத்தலாம், சரக்குக்கு ஒரு விலையைக்கூட இருத்தலாம். அப்படியே கிளை விட்டுக்கொண்டு போயிற்று.

கதை அதோடு முடியவில்லை. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் ‘செட்’டின் பூர்வீகமே வேறு. லத்தீனில் ‘செக்டா’, ஒருவர் பின்னால் போகிற கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் குடியிருந்தால் என்ன ஆகும்? தபால்காரர் கடிதத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் ஊரே அவர்களை ஒரே ஆள் என்று நினைத்துவிடும். ‘செட்’டின் கதை அதுதான்.

செட் தோசை கேட்டால் ஒன்று மட்டும் தர மறுக்கிறார்களே, ஏன்? (பசித்தவர், சைதாப்பேட்டை)

ஒன்று வந்தால் அது வெறும் தோசை. கர்நாடகத்தில் பெரும்பாலும் மூன்றாக அடுக்குவார்கள், நம்மூரில் இரண்டு. தொட்டுக்கொள்ள உங்கள் பேட்டையிலேயே வடகறி வைத்துக்கொண்டு கணக்கு கேட்கிறீர்களே!

எனக்கு 29 வயது. இதுவரை பதினோரு பெண் பார்த்தாயிற்று. எதுவும் செட் ஆகவில்லை. (மாப்பிள்ளை, திண்டுக்கல்)

முதலில் ஒரு சந்தோஷ சமாச்சாரம்: ‘செட் ஆகல’ என்பது நம் கண்டுபிடிப்பு. லண்டனில் போய் இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், ஜெல்லி செய்யப்போய்க் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்வார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண சிமெண்டுக்கு நம் நாட்டுத் தரவிதி இரண்டு நேரம் வைத்திருக்கிறது. தண்ணீர் கலந்து முப்பது நிமிடத்துக்குள் இறுக ஆரம்பிக்கக் கூடாது. அறுநூறு நிமிடத்துக்குள் முழுக்க இறுகிவிட வேண்டும். அதாவது பத்து மணி நேரம். சாம்பல் பொடிக்கே இத்தனை அவகாசம் கொடுக்கிறார்கள். நீங்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முடிவு சொல்கிறீர்கள். இன்னொன்று: செட் ஆன பிறகும் கொத்தனார் தினமும் வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஊற்றாவிட்டால் வெடிப்பு விடும். கல்யாணமானவர்களைக் கேளுங்கள், விளக்குவார்கள்.

கிராமத்தில் ‘பம்புசெட்டுல குளிச்சிட்டு வரேன்’ என்கிறார்களே. மோட்டாருக்குள் எப்படிக் குளிப்பது? (நகரவாசி, அண்ணா நகர்)

மோட்டாரும் பம்பும் சேர்ந்தது செட். அதன் தலைக்கு மேல் ஓட்டையோ தகரத்தையோ போட்டால் அது ஷெட். நம் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது பம்புசெட்டு என்றால் மோட்டார், அறை, தொட்டி, தொட்டிக்குள் மடேரென்று விழுகிற தண்ணீர், பக்கத்துத் துவைகல், கல் மேல் மறந்து வைத்த சோப்பு எல்லாம் சேர்ந்தது. 430 பொருளில் இது இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களை ஒரு சித்திரை மாதம் நம் பக்கம் கூட்டிவந்து குளிப்பாட்டி அனுப்ப வேண்டும்.

கணக்குப் பாடத்தில் செட் என்பதைக் ‘கணம்’ என்று ஏன் வைத்தார்கள்? என் மகன் நொடி என்று நினைத்துக்கொண்டான். (தந்தை, வேலூர்)

உங்கள் மகன் மேல் தப்பில்லை. ஆனால் பூதகணம் என்று கேட்டிருப்பான் அல்லவா? அந்தக் கணம்தான். கணங்களுக்குப் பதி கணபதி. இன்றைய தமிழில் சொன்னால், செட்டுத் தலைவர். கணிதத்தில் இதைப் பெரிதாகத் தொடங்கிவைத்த ஜெர்மன்காரர் கேன்டர், 19-ஆம் நூற்றாண்டில். அவர் வைத்த பெயரும் கூட்டம், திரள் என்கிற மாதிரியான சொல்தான். எனக்குப் பிடித்தது வெற்றுக் கணம். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு செட்! மாதக் கடைசியில் என் பணப்பை.

நான் மொழிபெயர்ப்பாளர். ‘செட்’டுக்குச் சரியான ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். (மதுரை)

ஒன்று கேட்டால் எப்படி? தயிர் உறையும். சூரியன் மறையும். மேசையில் இலை போடுவோம், பாட்டுக்கு இசை அமைப்போம், பொறியை வைப்போம், வலையை விரிப்போம், நகையில் கல்லைப் பதிப்போம், எலும்பைச் சேர்த்துக் கட்டுவோம். அவர்கள் ஒரே சாவியை வைத்து எல்லாப் பூட்டையும் திறக்கிறார்கள். நம்மிடம் பூட்டுக்கொரு சாவி, பெரிய கொத்தாகவே தொங்குகிறது. இப்போது நாமும் கொத்தைக் கழற்றி வைத்துவிட்டு ‘செட் பண்ணு’ என்று ஒன்றையே எடுத்துக்கொண்டு திரிவதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அச்சகத்தில் எழுத்தைக் கோப்போம். நான் வேலை பழகிய இடத்தில் ஒரு கம்பாசிட்டர் அண்ணன் இருந்தார். இடது கையில் ஸ்டிக், வலது கை கேஸுக்குள். ஈய எழுத்துகள் தலைகீழாக வரிசையில் வந்து நிற்கும். பூ கட்டுகிற கைதான் அது. அந்த வேலையை ‘செட்’ என்றால் பூவைக் காணோம்.

தமிழில் இப்படிப் பல பொருள் தரும் சொல் உண்டா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

‘அடி’ இருக்கிறதே! கால், அளவு, பானையின் கீழ்ப்பக்கம், செய்யுள் வரி எல்லாம் அடிதான்; வள்ளுவர் 1330 குறளில் 2660 அடி அடித்திருக்கிறார். வினையாக வந்தால் கேட்கவே வேண்டாம். வெயில் அடிக்கும், விசில் அடிக்கும், சுவருக்குப் பெயிண்ட், பழனியில் மொட்டை, பரீட்சையில் காப்பி, ஆபீஸுக்கு லீவு. யோகம் இருந்தால் லாட்டரி. இத்தனையையும் ஒரு பெண் தோழியைக் கூப்பிடும்போது ‘என்னடி’யில் பாதியாகக் கரைத்துவிடுகிறாள் என்று ஒரு நண்பர் சொன்னார். இலக்கணப்படி அந்த ‘அடி’ வேறு, இந்த அடி வேறு. கும்பகோணத்து ஆசிரியை அடிக்க வருவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லாம் இருக்கட்டும், உங்கள் பல்செட் செட் ஆகிவிட்டதா? (அக்கறையுள்ளவர், ஈரோடு)

மூன்று முறை ராவிக் கொடுத்தார் டாக்டர். ‘ஸ்ரீ’ என்று சொன்னால் இன்னும் விசில் அடிக்கிறது. இப்போதைக்கு டம்ளர் தண்ணீருக்குள் சௌக்கியமாக இருக்கிறது. முறுக்கு அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள், எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.