ஓய்வுபெற்ற கோழிக்கு வேலை காத்திருக்கிறது

பிரிட்டனில் முட்டைக் கோழிக்கு ஓய்வு வயது சுமார் 72 வாரம். இப்போது சில பண்ணைகள் 90 வாரம் வரை இழுத்துப் பிடிக்கின்றன. ஓய்வு வயதை உயர்த்த எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? அந்த நாள் வந்ததும் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். முட்டைக்கென்றே வளர்த்த கோழியின் உடம்பில் கறி தேறாது. ஆகவே விலையும் தேறாது. பிடிக்க ஆள் கூலி, ஏற்ற லாரி, அறுக்கச் செலவு. பண்ணைக்காரர் தலையைச் சொறியும் இந்த நேரத்தில்தான் கருணை உள்ளே நுழைகிறது, கையில் அட்டைப் பெட்டியோடு.

ஜேன் ஹோவர்த் 2005இல் தொடங்கிய கோழி நல அறக்கட்டளை முதல் ஊர்தோறும் உள்ள சிறு குழுக்கள் வரை, இந்தக் கோழிகளை வாங்கி வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கின்றன. ஆளுக்கு மூன்று நான்கு. தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை. விடியலில் எழுந்து, எச்சம் நாறும் கொட்டகைக்குள் குனிந்து, ஒவ்வொன்றாய்த் தூக்கி வரும் தொண்டர்களைப் பழிக்க எனக்கு வாய் வராது. மற்றவர்களைப் பழிக்க நன்றாகவே வரும்.

தத்தெடுக்க வருபவர் மனத்தில் ஒரு கேள்வி முண்டிக்கொண்டு நிற்கிறது: "இன்னும் முட்டை போடுமா?" போடும், கவலைப்படாதீர்கள். நிறுத்தத் தெரியாதபடிதான் அதைச் செய்து வைத்திருக்கிறோம். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு, அடைகாத்து, போதும் என்று எழுந்துவிடும். பண்ணைக் கோழி 300க்கு மேல் இடும். ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனம் தராததை எலும்பு தரும். அதனால்தான் தத்து வரும் கோழிகளில் பலவற்றுக்கு மார்பெலும்பு முறிந்து, கோணலாய்க் கூடியிருக்கிறது. வழி தவறிய மஞ்சள்கரு வயிற்றுக்குள் கெட்டு, சீழ் பிடித்துச் சாவதும் சாதாரணம். முட்டையை நிறுத்திவைக்கக் கால்நடை மருத்துவர்கள் தோலுக்கடியில் ஒரு மருந்து வைப்பார்கள். மருந்து வைத்த கோழி இடும் முட்டையைத் தின்னக் கூடாது. காலைச் சிற்றுண்டிக்காகக் கோழியைக் "காப்பாற்றியவர்" அந்த மருந்துக்குப் பணம் கட்டுவார் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம்.

ஆலையிலிருந்து ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய், கொல்லையில் அதே தறியை நிறுத்திவைக்கும் உபசாரம் இது. இதற்குப் பெயர் மீட்பு.

இறகுதிர்ந்த கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்ததும் பிரிட்டனில்தான். பத்திரிகைகள் படம் போட்டு உருகின. சட்டை போட்டால் கோழியால் தன் இறகைக் கோத முடியாது. சும்மா விட்டாலே சில வாரங்களில் புது இறகு முளைத்துவிடும். ஆனால் கோழியைச் சும்மா விடுவதில் என்ன புகைப்படம் கிடைக்கும்?

இனிக் கணக்குக்கு வருவோம். இருபது ஆண்டில் அந்த அறக்கட்டளை வீடு தேடிக் கொடுத்தவை பத்து லட்சம் அளவு. மலைக்க வேண்டிய உழைப்புதான். ஆனால் பிரிட்டனில் எந்த ஒரு நாளிலும் முட்டையிட்டுக்கொண்டிருப்பவை நாலு கோடி அளவு. காலியான கொட்டகை கழுவப்படுகிறது, புதுப் பெடைகள் வந்து இறங்குகின்றன. கழித்துக் கட்ட வேண்டியதில் ஒரு பங்கை நல்லவர்கள் தங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பெடைகளின் அண்ணன் தம்பிகள் எங்கே என்று கேட்காதீர்கள். முட்டையிடாத ஆண் குஞ்சு பொரித்த அன்றே கொல்லப்படுகிறது. அங்கே அது சட்டப்படி சரி. ஜெர்மனி 2022இலேயே தடை செய்துவிட்டது. ஆண் குஞ்சைத் தத்தெடுக்க யாரும் பெட்டி கொண்டு வருவதில்லை. அது முட்டை போடாதே.

பிரிட்டன் அரசாங்கத்தின் சுறுசுறுப்பையும் பாராட்ட வேண்டும். பண்ணைப் பிராணிகளின் அவதியைப் பற்றி 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய நூல் நாட்டை உலுக்கியது. அதையடுத்து அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965இல் அறிக்கை தந்தது: ஒரு பிராணிக்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று. இதைக் கண்டுபிடிக்க ஒரு குழு. நடைமுறைக்குக் கொண்டுவர எத்தனை ஆண்டு? பிரிட்டன் அன்று அங்கம் வகித்த ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் ஆணை போட்டு, 2012 ஜனவரியில்தான் கம்பியைத் தவிர ஏதுமில்லாத வெறுங்கூண்டு ஒழிந்தது. அன்றும் பல உறுப்பு நாடுகள் "இன்னும் கொஞ்சம் நாள்" என்று நின்றன. வெறுங்கூண்டில் கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. சீர்திருத்திய கூண்டில் 750; ஏ4 தாளோடு ஓர் அஞ்சலட்டை. அந்த அஞ்சலட்டை வந்து சேர 47 ஆண்டு. சுவிட்சர்லாந்து அதற்கு இருபது ஆண்டு முன்பே கூண்டுக்கு விடை கொடுத்திருந்தது.

பிரிட்டனில் சட்டம் தூங்குகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். தத்தெடுத்த கோழிக்கு உங்கள் அடுப்படி மிச்சத்தை, ஒரு கீரைத் தண்டை, போட்டுப் பாருங்கள்: குற்றம். பாலும் முட்டையும்கூட நுழையாத சைவ அடுப்படிக்கு மட்டுமே விலக்கு. நோய்த் தடுப்புக்காகவாம், சரி, இருக்கட்டும். 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஒற்றைக் கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும். ஆக, பாட்டி கொல்லையில் குப்பையைச் சீய்க்கும் கோழிக்குப் பதிவேடு உண்டு, கண்காணிப்பு உண்டு. வாழ்நாள் முழுதும் மண்ணையே மிதிக்காமல் கம்பியில் நிற்கும் கோழிக்கு அஞ்சலட்டை உண்டு.

"வெள்ளைக்காரன் கூத்தைப் பார்" என்று சிரிக்கும் நம் ஆட்களே, ஒரு நிமிடம். அவர்கள் 2012இல் தூக்கிப் போட்ட வெறுங்கூண்டுதான் இன்றும் நாமக்கல்லின் மூலதனம். வரிசை வரிசையாய்க் கம்பி, கீழே எச்சம், நாளுக்குக் கோடிக்கணக்கில் முட்டை. ஓய்வுபெற்ற கோழிக்கு இங்கே தத்துமில்லை, சட்டையுமில்லை. தினசரியில் கறிக்கோழிக்குப் பக்கத்திலேயே முட்டைக் கோழி கிலோ என்ன விலை என்று அச்சாகிறது, லாரி வருகிறது.

ஆனால் சட்டத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்களில்லை. சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மூட்டிய நெருப்பில் வந்தது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். அசையப் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் எந்தப் பிராணியை அடைத்தாலும் குற்றம் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. பிராம்பெல் குழுவுக்கு ஐந்தாண்டு முன்பே! 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் கோழிக் கூண்டைக் கண்டித்து, வரைவு விதிகளையும் எழுதிக் கொடுத்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50. இன்றைய கடை விலையில் ஒரு டஜன் முட்டைக்குக் காணாது.

அந்த 50 ரூபாயை எந்தப் பண்ணையிலிருந்து, எந்த நீதிமன்றம், எந்தத் தேதியில் வசூலித்தது என்று நாமக்கல் பக்கம் போனால் விசாரியுங்கள். சொல்லத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் அவருக்கு ஒரு ஆஃப்பாயில், என் கணக்கில்.