ஏரிக்கரை வல்லாரை

விடியற்காலையில் கீழ்க்கட்டளை ஏரிக்கரைக்குப் போகும் ஆயா, மடி நிறைய வல்லாரையோடு திரும்புவாள். துவையல் அரைத்துச் சுடுசோற்றில் பிசைந்து உருண்டையாகக் கையில் வைப்பாள். கசக்கிறதென்று முகம் சுளித்தால், "மூளைக்குடா, முழுங்கு" என்பாள். எண்பதுகளின் தொடக்கம் அது. ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு ஓடி, பள்ளிக்கரணைச் சதுப்பில் போய் இறங்கும். அந்தத் தண்ணீரில்தான் குளித்தோம்.

அந்தக் காலம் முழுக்கச் சுத்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மேடவாக்கம் சாலையில் ஸ்கூட்டர் புகையை வாசனை என்று இழுத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் நாங்கள். அந்தப் பெட்ரோலில் காரீயம் இருந்தது. நாடு முழுக்க அதை நிறுத்தியது 2000-ல்தான். காரீயம் உடம்புக்குள் சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டு, குழந்தையின் மூளைக்குள்ளேயே நுழைந்துவிடும். 2009-ல் வெளிவந்த ஆய்வொன்றில், 3 முதல் 7 வயது வரையிலான சென்னைக் குழந்தைகள் 756 பேரின் ரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 இருந்தாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஆய்வில், அளவு கூடிய குழந்தைகளிடம் கவனச் சிதறலும் பதற்றமும் கூடுதலாகத் தெரிந்தன. அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆயாவின் கீரைக்குத் திரும்புகிறேன். காரீயம் கொடுத்த எலிகளுக்கு வல்லாரைச் சாறோ மஞ்சளின் குர்குமினோ கொடுத்தபோது மூளைச் சேதம் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது. பூண்டுக்கோ மனிதர்களிடமே சோதனை உண்டு: ஈரானின் மஷாத் நகரில் கார் பேட்டரித் தொழிலாளர்கள் 117 பேரிடம் நான்கு வாரம் நடந்தது. பூண்டு சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் காரீயம், காரீய நஞ்சுக்கான மருந்து சாப்பிட்டவர்களுக்கு இணையாக இறங்கியது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் வேறு வழியில் உதவுகின்றன. இரும்பும் சுண்ணாம்பும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அவை இருந்தால் அதற்கு இடம் குறைகிறது.

இன்று அந்தச் சமையலறை மருந்துகளையே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற காரீயம் உள்ள லெட் குரோமேட் கலக்கிறார்கள். வங்கதேசத்தில் 2019-ல் சோதித்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசு கடுமையாக இறங்கியதும் 2021-ல் அது பூஜ்யமானது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது போதும். நான் விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து, மிஷினில் என் கண் முன்னாலேயே அரைத்து வருகிறேன்.

பேத்தியை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். சாக்கடை வந்து விழும் இடத்தில் வல்லாரை கொழுகொழுவென்று படர்ந்திருந்தது. மண்ணிலும் நீரிலும் இருக்கும் உலோகத்தை இலைக்குள் இழுத்துக்கொள்ளும் செடி அது. பறிக்க நீண்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாடியில் தொட்டி வைத்து வளர்க்கலாம் என்று மண்ணுக்குச் சொல்லிவிட்டேன். மூட்டையை இறக்கிய தம்பியிடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"நல்ல ஏரி வண்டல், சார்."

இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.