பழைய வீடு, புதுக் குடித்தனம்

ஊர்ப்பக்கத்து ஓட்டு வீட்டைக் குடும்பத்தோடு வாழ ஏற்றபடி புதுப்பிக்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: தாத்தா கட்டிய ஓட்டு வீடு, தென்னந்தோப்புக்கு நடுவே நிற்கிறது. இடித்துவிட்டு ஃபார்ம் ஹவுஸ் கட்டலாம் என்கிறார் கணவர். உங்கள் தீர்ப்பு?
– வாசகி, பொள்ளாச்சி

ப: தோப்புக்கு நடுவே வீடு, அதுவும் தாத்தா கையால் கட்டியது. ஃபார்ம் ஹவுஸ் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது! இருட்டுச் சமையலறை, கொல்லைக் கழிப்பறை, பழைய வயரிங் மூன்றையும் மாற்றுங்கள். கணவர் கேட்கும் வீடு பாதி வந்துவிடும். அதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வீட்டைக் காட்டுங்கள். அஸ்திவாரம் இறங்கவில்லை, சுவர் சாயவில்லை, கதவு நிலையின் மூலையிலிருந்து கோணலாக விரிசல் ஓடவில்லை என்று அவர் சொன்னால் கடப்பாரைக்கு வேலையே இல்லை.

கே: வெள்ளைப் பலகை அடித்த சுவர், கறுப்பு ஜன்னல்... இன்ஸ்டாகிராமில் பார்த்து மயங்கிக் கிடக்கிறேன். நம் வீட்டில் செய்யலாமா?
– வாசகி, திருச்சி

ப: அது அமெரிக்கப் பண்ணை வீட்டின் சாயல். டெக்சாஸில் வேகோ நகரத்து வீடுகளைப் புதுப்பித்துக் காட்டிய ‘ஃபிக்ஸர் அப்பர்’ தொடர் 2013-இல் தொடங்கிய பிறகு ஊரெல்லாம் பரவியது. அங்கே வீடே மரச்சட்டத்தில் நிற்கிறது, பலகை அதற்கு மேல்தோல். நம் செங்கல் சுவரில் பலகை அடித்தால், இடையில் இருக்கும் சந்தில் கரையான் குடியேறும். கறுப்பு இரும்பு ஜன்னல் திருச்சி வெயிலில் கை வைக்க முடியாதபடி காயும். வெள்ளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். தோட்டத்தைப் பார்த்த அகல ஜன்னலையும், எல்லோரும் சேர்ந்து உட்காரும் சாப்பாட்டு இடத்தையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஓடு ஒழுகுகிறது. பிரித்துவிட்டு ஷீட் போட்டுவிடவா?
– வாசகர், நாகர்கோவில்

ப: வேண்டாம். ஷீட் வெயிலில் கொதிக்கும், மழையில் பேச்சுக் கேட்காது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஓட்டின் பலம் ஒன்றுதான்: ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், உடைந்ததை மட்டும் மாற்றலாம். எல்லா ஓட்டையும் இறக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். அந்த நேரத்தில் ஆசாரியை மேலே ஏற்றி, கைமரத்தையும் ரீப்பரையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முனை மரத்துக்குள் மெத்தென்று இறங்கினால் அது கரையான் தின்றது. அதை மட்டும் மாற்றினால் போதும். இருட்டறைக்கு மேலே நான்கு கண்ணாடி ஓடு வையுங்கள், பகலில் விளக்கு வேண்டாம். கொல்லையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

கே: சுவர் கீழிருந்து மூன்றடிக்குப் பொரிந்து உதிர்கிறது. சிமென்ட் பூசினால் நின்றுவிடும் என்கிறார் கொத்தனார். நிற்குமா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: உதிர்வது நிற்காது, மேலே ஏறும்! பழைய சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாகவே வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். இன்று மூன்றடியில் இருக்கும் ஈரம் நாளை ஐந்தடிக்கு ஏறும். அங்கே உப்புப் பூத்து, சிமென்டையும் பெயர்த்துத் தள்ளும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள். ஒழுகும் குழாயா, சுவரை ஒட்டிய சாக்கடையா, தாழ்வாரத்துச் சொட்டா? வருஷா வருஷம் மண் கொட்டி முற்றம் வீட்டுத் தளத்தைவிட உயர்ந்துவிட்டதா? அதைச் சரிசெய்துவிட்டு, கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்புக் காரை, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் கதை மறுபடி முதலிலிருந்து.

கே: முற்றத்துக்குக் கான்கிரீட் போட்டு மூடினால் பெரிய ஹால் கிடைக்குமே?
– வாசகர், கும்பகோணம்

ப: ஹால் கிடைக்கும், காற்றும் வெளிச்சமும் போய்விடும். வீட்டுச் சூடு மேலே ஏறி வெளியே போவது முற்றத்தின் வழியாகத்தான், சுற்றியுள்ள அறைகளுக்கு வெளிச்சம் வருவதும் அதன் வழியாகத்தான். திருட்டுக்கும் குரங்குக்கும் பயமென்றால் இரும்புக் கம்பி போடுங்கள். சாரல் தொந்தரவென்றால் சுவருக்கு மேலே இரண்டடி உயர்த்திக் கண்ணாடிக் கூரை போட்டு, பக்கவாட்டைத் திறந்தே விடுங்கள். கூரையில் விழும் தண்ணீரை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு அனுப்புங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகம் முழுக்கக் கட்டாயம்.

கே: தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸா, ஆத்தங்குடிக் கல்லா?
– வாசகி, மதுரை

ப: தரையில் ஏற்கெனவே ரெட்ஆக்சைடு பூச்சு இருந்தால் இரண்டும் வேண்டாம், அதையே பாலிஷ் போடுங்கள். புதிதாகப் போடுவதென்றால் என் ஓட்டு ஆத்தங்குடிக்கு. அதன் பளபளப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் சாயம் கலந்த சிமென்டைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள், சூளைக்கே போவதில்லை. கல் காய்ந்து கண்ணாடியை விட்டு விலகும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு கூடும். எலுமிச்சையும் ஆசிடும் அதற்கு ஆகாது. அதனால் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் ஆத்தங்குடி, குளியலறைக்கும் சமையலறைக்கும் சொரசொரப்பான டைல்ஸ்.

கே: சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்க்க ஆசை.
– வாசகி, சேலம்

ப: சுவரைப் பார்க்காதீர்கள், சுவருக்கு மேலே பாருங்கள். உத்தரம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறதா? பழைய வீட்டில் பெரும்பாலான சுவர்கள் பாரம் தாங்குபவை. முழுசாக எடுக்காமல் ஐந்தடிக்குத் திறப்பு வையுங்கள். முட்டுக் கொடுத்து, பொறியாளர் சொல்லும் அளவில் மேலே இரும்பு பீம் போட்ட பிறகே உடைக்க வேண்டும். தாளிப்புக்கும் மீன் வறுவலுக்கும் பின்கட்டில் இன்னோர் அடுப்பு இருக்கட்டும். மேடையின் உயரத்தை வீட்டில் தினமும் சமைப்பவரை நிற்கவைத்து முடிவு செய்யுங்கள்: அவருடைய முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே.

கே: மரப்பட்டை அடித்த பழைய வயரிங் இன்னும் நன்றாக ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

ப: ஆக வேண்டும், ஓரங்குலம் விடாமல். அந்த ஒயர் இரண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டது, ஏ.சி., கீசர், மோட்டாரைத் தாங்காது. மூன்றுக்கும் தனித்தனி லைன், நல்ல எர்த், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதில் மிச்சம் பிடிக்கும் பணம் மிச்சமே இல்லை.

கே: தேக்குக் கதவில் ஏழெட்டுப் பூச்சு பெயின்ட். தேய்த்து எடுக்கலாமா?
– வாசகர், சிவகங்கை

ப: எடுங்கள், ஆனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வெளியே வைத்து, ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டச் சொல்லுங்கள். சுரண்டியது தோட்டத்து மண்ணில் விழக் கூடாது, கீழே தார்பாய் விரியுங்கள்.

கே: அம்மாவுக்கு 78 வயது. அவருக்காக என்ன செய்யலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

ப: அவர் படுக்கும் அறையை ஒட்டியே குளியலறை. மூன்றடி அகலக் கதவு, அது வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தாலும் போய்த் தூக்க முடியும். வாசலில் தடுக்கும் படி இருக்கக் கூடாது. வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி, கட்டிலில் இருந்தபடியே எட்டும் சுவிட்ச். திண்ணையை மட்டும் இடித்துவிடாதீர்கள்; தெருவில் போகிறவர்களோடு அவர் பேசும் இடம் அது.

கே: கையிருப்புக் குறைவு. எதை முதலில் செய்வது?
– வாசகி, காரைக்குடி

ப: கூரை, ஈரம், வயரிங், கழிப்பறை, சமையலறை, தரை, வண்ணம். இந்த வரிசை மாறக் கூடாது. பணம் வண்ணத்துக்கு முன்பே தீர்ந்தாலும் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். இறக்கும் கதவு, ஓடு, செங்கல் எதையும் லாரியில் ஏற்றாதீர்கள். கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய லாரி பேக்கர் பழைய ஓட்டைக் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே பதித்துச் சிமென்டையும் கம்பியையும் குறைத்தார்.

கே: வேலையை எப்போது தொடங்கலாம்?
– வாசகர், மன்னார்குடி

ப: ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் குடியிருந்துவிட்டு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கே ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது என்று ஒவ்வொன்றையும் கரித்துண்டால் குறித்து வையுங்கள். தை பிறந்ததும் கொத்தனாரை அழைத்து அந்தக் குறிகளைக் காட்டுங்கள்; எஸ்டிமேட்டை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.