தேர்ச்சி மதிப்பெண் 40

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாட்டில் 40 சதவீதம் வாங்கிவிட்டால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. என்ன நேர்த்தி! திருவொற்றியூர்ப் பையன் 39-இல் கோட்டைவிட்டான். டியூஷன் வைத்திருக்கலாம்.

பரவாயில்லை, மேல்முறையீட்டுக்குப் பிரிவு 59 இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று பழகிய அம்மாவுக்குக் காத்திருப்பது புதிதா? விசாரணையன்று பையன் காலை முதல் மாலை வரை வராந்தாவில் அழாமல் உட்கார்ந்திருந்தான். அதிகாரிகள் பூரித்துப்போய் 39-ஐ 35 ஆக்கினார்கள். குறையுள்ள பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை ஏது?

பக்கத்தில், “ஜெராக்ஸ், முத்திரை, கையெழுத்து” என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மாவைத்தான் உற்றுப் பார்த்தார்கள். அவருக்குத் தாராளமாக 45 தேறுமாம். மனு மூன்றாவது கவுன்ட்டரில் கிடைக்கும்.