உப்புத் தின்ற கார்

அபர்தீன், ஸ்காட்லாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அத்தை, பிள்ளைகள், ஜீப் ஆகியோரின் நலமறிய ஆவல்.

போன வாரம் போனில் கேட்டீர்கள்: "ரோடெல்லாம் வழுவழுன்னு கெடக்குற ஊர்ல பிரேக்கு எப்படிடா போகும்?" போனில் பதில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

ஏற்காட்டில் பிரேக் ஏன் போகிறது என்பதை டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு. சனி ஞாயிறில் வரும் வெளியூர்க் கார்கள், சேர்வராயன் மலை மொத்தத்தையும் வலது காலாலேயே பிடித்து நிறுத்தப் பார்த்துக்கொண்டு இறங்கும். அடிவாரம் சேரும்போது நாலு சக்கரத்திலும் கருகல் வாடை. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று நீங்கள் என் பின்மண்டையில் தட்டிச் சொன்னது இன்னும் வலிக்கிறது. ஆக, அங்கே பிரேக் உழைத்துத் தேய்ந்து சாகிறது. இங்கே ஓய்வெடுத்தே செத்துப்போகிறது, மாமா.

காரணம் உப்பு. பனிக்காலத்தில் சாலை உறையாமல் இருக்க அரசாங்கமே லாரி லாரியாகக் கல் உப்பைக் கொட்டுகிறது. உப்புக் கலந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பது கணக்கு. நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்துபோய் ஒரு பிடி உப்பு அள்ளியதற்கு வெள்ளைக்காரன் ஜெயிலில் போட்டான். அதே வெள்ளைக்காரன் இங்கே ராத்திரி முழுக்க என் வாசலில் இலவசமாக உப்புத் தூவிவிட்டுப் போகிறான். அந்த லாரிகளுக்கு ஸ்காட்லாந்தில் பெயர்சூட்டு விழாவே நடக்கும். பாட்டுக்காரர் ஃபிரெடி மெர்குரியை 'ஸ்பிரெடி மெர்குரி' ஆக்கி ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். எந்த லாரி எந்தச் சாலையில் போகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நம் பக்கத்து 'முருகன் துணை' தண்ணீர் லாரிக்கு அந்த வசதி வந்தால் அத்தைக்கு எவ்வளவு நிம்மதி!

உப்புத் தின்ற கார் தண்ணீரும் குடிக்கிறது, துருவும் பிடிக்கிறது. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. அதற்குப் பெயின்ட் கிடையாது. ஓட்டிக்கொண்டே இருந்தால் பேட் உரசி உரசித் துருவை வழித்துவிடும். நானோ ஆபீசுக்கு பஸ்ஸில் போகிறவன். கார் பாட்டுக்கு வாரக்கணக்கில் மழையில் நின்றது.

மூன்று வயது தாண்டிய கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்று ஒரு பரீட்சை. டிஸ்க்கில் குழி விழுந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பட்டறையில் விசாரித்தேன். டிஸ்க்கின் விலையைவிட அதைக் கழற்றும் கூலி அதிகம். இங்கே கூலி மணிக்கணக்கில். மெக்கானிக் யோசிக்கும் நேரத்துக்கும் சேர்த்து. அதனால்தான் இந்த ஊரில் டாக்டர், வக்கீல் எல்லாரும் சனி ஞாயிறில் காருக்கடியில் படுத்துக் கிடக்கிறார்கள். நானும் படுத்தேன்.

ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டு கொடுத்து, வீல் போல்ட்டைக் கழற்றினேன். சக்கரமே வரவில்லை, உட்கார்ந்து உதைத்ததும் வந்தது. காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். பிரேக் ஹோஸில் அதன் பாரம் விழக்கூடாது, நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். டிஸ்க்கைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூ. தொழிற்சாலையில் சக்கரம் மாட்டும்வரை டிஸ்க் ஆடாமல் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. அப்புறம் எல்லாப் பாரமும் வீல் போல்ட்டுக்குத்தான். ஆனால் வேலையில்லாதவன்தானே முறைத்துக்கொள்வான். அதை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்க்ரூ போன பிறகும் டிஸ்க் அசையவில்லை. ஹப்புக்கும் டிஸ்க்கின் நடு ஓட்டைக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளிதான். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். மாவு பொங்குவது போலப் பொங்கி, அந்த இடைவெளியை அடைத்து இறுக்கிவிடுகிறது. துரு இளக்கும் ஆயிலைப் பீய்ச்சி, ராத்திரி ஊறவிட்டு, காலையில் சுத்தியலை எடுத்தேன். ஓர் அடி, கொஞ்சம் திருப்பு, இன்னோர் அடி.

நம் ஊரில் பானெட்டைத் திறந்தாலே யோசனை சொல்ல ஒன்பது பேர் கூடிவிடுவார்கள். இங்கே தெருவே அதிர அடித்தும் ஒரு ஜன்னல் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார். வடகடல் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் பேசவில்லை. என் சுத்தியலைப் பார்த்தார், உள்ளே போனார், அதைவிடப் பெரிய சுத்தியலோடும் இரண்டு நீள போல்ட்டுகளோடும் வந்தார். டிஸ்க்கின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் உண்டு. அதில் போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினால் அது ஹப்பில் முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளும், பேரிங்கும் அடிபடாது. டமால் என்று கழன்று விழுந்தது. தாத்தா "நாளைக்கு மழை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்து, பிஸ்டனை உள்ளே தள்ளி, புது பேட் மாட்டி, மறுபக்கமும் அதே கதை. கிளம்புவதற்குமுன் பெடலைப் பலமுறை மிதித்துக்கொண்டேன். முதல் மிதிக்கு அது தரைவரை போகும். அந்த நேரத்தில் கார் வீட்டுவாசலில் நின்றால்தான் நல்லது.

பழைய டிஸ்க் இரண்டும் நல்ல கனம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்க இங்கே சைக்கிள்காரர் யாரும் வருவதில்லை. நானே ஏற்றிக்கொண்டுபோய் நகராட்சிக் கிடங்கில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருகிறேன். ஜீப்புக்குப் பின்சக்கர லைனர் மாற்ற வேண்டும் என்றீர்களே, நான் வரும்வரை தள்ளிப்போடுங்கள். ஆனால் மெக்கானிக்கிடமும் சொல்லிவையுங்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கையில் காப்பியோடு உட்கார்ந்து, "அதை இப்படித் திருப்பிப் பாருங்கண்ணே" என்று சொல்லும் ஒன்பது பேரில் ஒருவனாக இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுகு பிடித்துக்கொண்ட
உங்கள் மருமகன்