தாத்தா–தூர விதி: நெய்தல் நிலத்துக் கேமரா கிளப் பற்றி ஓர் ஆய்வு

கேமரா கிளப்பில் சேர்ந்தவர் கை தேறிவிட்டதை எதைக் கொண்டு அளப்பது? கேமராவின் விலையால் அளப்பர் ஒரு சாரார். போட்டிகளில் தேர்வான படங்களின் எண்ணிக்கையால் அளப்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. முன்னது சம்பளத்தைக் காட்டும். பின்னது நுழைவுக் கட்டணம் கட்டும் பொறுமையைக் காட்டும். படம் எடுப்பவருக்கும் ஒரு கிழவருக்கும் இடைப்பட்ட தூரமே சரியான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளை முதலில் காண்போம். சென்னையில் புதியவரை ஞாயிறு விடியலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு 'போட்டோ வாக்' அழைத்துப் போவது வழக்கம். நிலம் நெய்தல், ஐயமில்லை. பொழுதில்தான் சிக்கல். தொல்காப்பியர் நெய்தலுக்கு எற்பாட்டை, அதாவது பொழுது சாயும் வேளையை, வகுத்தார். கிளப்போ வைகறையில் கூடுகிறது. உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும், சாய்வெயிலே முகச் சுருக்கங்களைப் பக்கவாட்டில் எடுத்துக்காட்டும் என்பது காரணம். இனி, வைகறை மருதத்துக்கு உரியது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுந்து பை தூக்கியவர் வீட்டில் அன்று முழுவதும் பேச்சுவார்த்தை இல்லாதிருப்பது இலக்கணப்படி சரியே. நெய்தலுக்குரிய இரங்கலுக்கும் குறைவில்லை: பக்கத்தில் நிற்பவர் தோளில் தொங்கும் வெள்ளை லென்ஸைக் கண்டு இரங்குவது அது.

கிழவர் முகத்தைப் பிடிக்கும் இந்தத் 'தாத்தா படம்' தொன்மையானதா எனின், அன்று. மதராஸில் 1850-களிலேயே புகைப்படச் சங்கம் இருந்தது. ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்ட்டர் அதில் முன்னின்றார். 1858-இல் படப்பிடிப்பாளர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலை மெழுகேற்றிய காகித நெகட்டிவில் பதிந்தபோது ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஒளி காட்ட வேண்டியிருந்தது. கோபுரம் அசையாமல் நிற்கும். கிழவர் ஒரு கொட்டாவி விட்டால் போதும், கதை முடிந்தது.

விதிக்கு வருவோம். புதியவர் 70–300 லென்ஸோடு படகு மறைவில் பதுங்கி, இருபதடி தள்ளி வலை பின்னும் கிழவரைப் பீடிப் புகை எழும்வரை காத்திருந்து பிடிப்பார். வீட்டில் அதைக் கறுப்பு வெள்ளையாக்கி 'கிளாரிட்டி'யை வலக்கோடிக்கு இழுப்பார். கிழவருக்குப் பத்து வயது கூடும். மாதக் கூட்டத்தில் படம் திரையில் விழும். மூத்த உறுப்பினர் ஒருவர் மெல்லத் தொண்டையைச் செருமி, "இடது ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் குடம் தெரியுது பாருங்க" என்பார். அதற்குப் பின் கூடத்தில் யாரும் கிழவரைப் பார்க்க மாட்டார்கள். நீலக் குடம் மட்டுமே தெரியும். புதியவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் விசையை அமுக்குமுன் நாலு மூலையையும் ஒருமுறை பார்த்துவிடுவார். புத்தகம் படித்து இந்தப் பழக்கம் வந்தவரை நான் கண்டதில்லை.

அடுத்து யாராவது தம் 50 எம்.எம். லென்ஸைக் கடனாகத் தருவார்கள். அதில் ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். முகத்தின் பரிமாணத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம். லென்ஸ் காட்சியை வெட்டித் தருவதோடு சரி. இருபதடியில் தட்டையாக இருந்த முகம் நாலடியில் மூக்கும் கன்னமுமாக எழும்பி வரும். தொல்லை என்னவென்றால், நாலடியில் ஒளிய முடியாது. "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாக வேண்டும். அப்பர்ச்சரை ஒரே வாரத்தில் கற்றவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கற்க மாதக்கணக்கில் திணறுகிறார்கள். கிளப்பின் பெரும் உபகாரம் இங்கேதான்: கேட்கத் தெரிந்த ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம்.

இரண்டடி என்பது முதிர்ந்த நிலை. அங்கே படம் எடுப்பவர் அதே பலகையில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்து டீ குடிப்பார். கிழவர் முதலில் விறைப்பாகப் போஸ் கொடுப்பார். அது சலித்ததும் வலைக்குத் திரும்புவார், அப்போதுதான் படம். பிறகு பின்திரையை வாங்கிக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"நல்லாத்தான் கீது தம்பி. பாஸ்போர்ட் சைசுல ஒரு நாலு காப்பி போட்டுத் தர்றியா? பென்சன் ஆபீசுல கேக்குறாங்க."